எல்போ, டீ, யூனியன்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நிறுத்தினவள் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே.

உன் மாமாவை எடுத்துப் போன அன்றைக்கு யார் யாரோ வந்தார்கள். எந்தக் காலத்திலோ அவர் குளியலறைக் குழாய் மாற்றிக் கொடுத்த வீட்டுக்காரர்கள்கூட வந்து நின்றார்கள். ஒரு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் போட்ட குழாயில இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்லைம்மா" என்று அழுதாள். முன்பின் பார்க்காதவள் அழுகிறாள், எனக்கு வரவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீதான் என்று தலையைத் தூக்கினேன்.

"யாராச்சும் வரணுமாம்மா?" என்று கேட்டார்கள். "என் தம்பி வருவான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்கள். மறுபடி அதையே சொன்னேன். கடைசியில் எங்கள் லாண்டரி முதலாளியம்மா என் கையைப் பிடித்து, "வர்றவங்க வந்தாச்சும்மா. விடு, எடுக்கட்டும்" என்றாள்.

மறுநாள் உன்னிடமிருந்து இரண்டு வரி வந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலவில்லை, வருந்துகிறேன் என்று. அது என்னடா, லீவு லெட்டரா? நீ டிரில் மாஸ்டர்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் என்ன உன் ஹெட்மாஸ்டரா?

எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை தெரியாமல் இருந்தது உன்னால்தான். லீவு நாளில் அவர் பின்னாலேயே பைப் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு அலைவாயே, அதையாவது நினைத்துப் பார்த்தாயா?

பதில் போடுவதானால் போடு. போடாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. எனக்குத் தம்பி இல்லை என்று எண்ணிக்கொள்கிறேன்.

அக்கா

---

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. எல்லாம் சரி.

எனக்கு உடல்நிலை சற்றுச் சரியில்லை. கவலைப்படும்படி எதுவும் இல்லை. நெடுநேரம் பயணம் செய்ய இயலாத நிலை. அவ்வளவுதான். மாமா விஷயத்தில் நான் என்ன எழுதினாலும் லீவு லெட்டர் மாதிரிதான் வருகிறது. கிழித்துவிட்டுத் திரும்ப எழுதியும் அப்படியே வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கு.

தம்பி

பி.கு.: மாமாவுக்கு அந்த ஆபரேஷன் ஆன பிறகு சரியாக எவ்வளவு காலம் பிடித்தது? இங்கே தெரிந்தவர் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

---

பிப்ரவரி 27

டேய்,

அந்தத் தெரிந்தவர் யார்? கல்யாணமே வேண்டாம் என்று ஒரு விசிலோடு குடித்தனம் நடத்துகிறவன் நீ. அடுத்த வீட்டுக்காரர் பேரைக் கேட்டாலே யோசிப்பாய். உனக்கு ஒரு தெரிந்தவர், அவருக்கு ஒரு ஆபரேஷன், அதற்கு நீ என்னிடம் கணக்குக் கேட்கிறாய். என்னிடமே காதில் பூ சுற்றுகிறாயா?

பின்குறிப்பைப் படித்துவிட்டு அயர்ன் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டேன். யாரோ ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை. முதுகில் பழுப்பாகப் பெட்டி அச்சு விழுந்துவிட்டது. முதலாளியம்மா, "என்ன ஞாபகத்துல இருக்கே?" என்றாள். என்ன சொல்வேன்?

கேட்கிறேன், மறைக்காமல் சொல். உனக்குமாடா?

எப்போது செய்தார்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? கையெழுத்து யார் போட்டார்கள்?

அக்கா

---

மார்ச் 8

அக்கா,

ஆமாம்.

புராஸ்டேட்டில் சின்னக் கட்டி இருந்தது. சுரப்பியோடு எடுத்துவிட்டார்கள். முழுதாக எடுத்தாயிற்று, பயமில்லை என்கிறார்கள். விளையாட்டு முகாமுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, அப்போதுதான். கையெழுத்தை நானே போட்டுக்கொண்டேன். மாமாவுக்கு மார்வலி வந்து போய்க்கொண்டிருந்த நேரம். உன் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தேன். முடிந்த பிறகு நேரில் வந்து சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு இன்னும் டியூப் எடுக்கவில்லை. மூத்திரப் பையைத் தொடையில் கட்டிக்கொண்டு சட்டை மாட்டி, கதவுவரை வந்தேன். உன் வீட்டில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நினைத்தேன். நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாய், பை நசுங்கும் என்று நினைத்தேன். திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சட்டையைக் கழற்றவில்லை. சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டியூப் எடுத்த பிறகு ஒழுகுகிறது. எழுந்தால், குனிந்தால், தும்மினால் போகிறது. காலையில் பரவாயில்லை, பொழுது சாய்ந்தால் மோசம். பேட் வைத்துக்கொள்கிறேன். மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். என் மேல் வாடை அடிக்கிறதோ என்று சந்தேகம். கடையில் வரிசையில் நிற்கப் பிடிக்கவில்லை. பேச ஆளில்லாமல் வாய் புளித்துக் கிடக்கிறது.

பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பிசியோதெரபி செய்கிற பெண், என்னிடம் படித்த பிள்ளைகள் வயசு. "அடியில இருக்கிற தசையை இறுக்குங்க சார்" என்று ஆரம்பித்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவன், எனக்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு.

தினமும் தவறாமல் செய்கிறேன். அட்டென்ஷனில் நின்று, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் இறுக்குகிறேன். நடக்கும்போதும் இறுக்கிக்கொண்டேதான் நடக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, "என்ன மாஸ்டர், யாருக்கு சல்யூட்டு?" என்று கேட்டார். வரவர அதிகமாகத்தான் ஒழுகுகிறது.

நீ தம்பி இல்லை என்று எழுதியதும் ஒரு வகையில் நல்லதுதான். இப்படி ஒரு தம்பி இருந்து உனக்கு என்ன பிரயோஜனம்?

---

மார்ச் 15

தம்பி,

லாண்டரி ஆட்கள் போன பிறகு அயர்ன் மேஜையை எழுதுகிற மேஜையாக்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுத எனக்கும் வெட்கம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ பெரிய பையனான பிறகும் நனைத்த பாயை அம்மா எழுந்திருக்கும் முன்னே அலசி, "தண்ணிச் சொம்பு கவுந்துடுச்சு" என்று பொய் சொன்னவள் நான். ஒரே சொம்பு எத்தனை தடவைதான் கவிழும் என்று அம்மா கேட்டதே இல்லை. என்னிடம் உனக்கு என்னடா புதிதாக வெட்கம்?

கட்டிலில் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

நீ செய்கிற பயிற்சி தப்பு. எல்லாமே தப்பு. உன் மாமாவும் இதே கூத்துத்தான் அடித்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்த பெண் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்ததால் எனக்குத் தெரியும்.

முதலில் நிற்காதே. படு. முழங்காலை மடக்கிக்கொள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரிய வந்தால் அடக்குவோமே, அந்த இடம். போய்க்கொண்டிருக்கிற மூத்திரத்தைப் பாதியில் நிறுத்த நினைத்தால் ஒன்று உள்ளே இழுக்குமே, அந்த இடம். அதை மட்டும் மெதுவாக உள்ளே, மேலே தூக்கு. ஆனால் நிஜமாகப் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாதாம். நினைத்து மட்டும் பார். வயிறு சும்மா கிடக்கட்டும், தொடை சும்மா கிடக்கட்டும், பின்பக்கமும் சும்மா கிடக்கட்டும். பார்க்கிறவனுக்கு நீ விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாய் என்றுதான் தெரிய வேண்டும். இது பரேடு இல்லை. கைதட்டக் கூட்டமும் இல்லை.

மூச்சைப் பிடிக்காதே. மாமாவும் மூஞ்சி சிவக்கப் பிடித்தார். அந்தப் பெண், "ஐயா, மூச்சு போகட்டும். ஏதாச்சும் பேசிட்டே செய்யுங்க" என்றாள். அவருக்குப் பேச என்ன தெரியும்? தன் பையில் இருக்கிற குழாய் இணைப்புச் சாமான் பேரைச் சொல்ல ஆரம்பித்தார். "எல்போ... டீ... யூனியன்..." அடுத்த தடவை போனபோது பாவம், அந்தப் பெண் ஒரு கப் டீ கொண்டுவந்து வைத்தாள். "போன தடவை கேட்டுட்டே இருந்தீங்களே ஐயா." அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்கு ஒழுகியேவிட்டது. அதற்கும் சிரித்தார். "ஊர்க் குழாயெல்லாம் அடைச்சவன் நான். என் குழாய் என்னையே கேலி பண்ணுது" என்றார்.

எல்போ, டீ, யூனியன் என்று மெதுவாகச் சொல்லி முடிகிறவரை இறுக்க வேண்டும். பிறகு விட வேண்டும். இதுதான் நீ அந்தப் பெண்ணிடம் கேட்காமல் ஓடி வந்த பாதி. விடும்போதும் அதே எல்போ, டீ, யூனியன். முழுதாக, தளர்வாக விட வேண்டும். விடுவதும் பயிற்சிதானாம். எப்போதும் இறுக்கியே வைத்திருந்தால் அந்தத் தசை களைத்துப்போய், தும்மல் வருகிற நேரத்தில் கைவிட்டுவிடும். மாமாவுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அட, நம்ம வாஷர் கதைதான். ஒழுகுதேன்னு ரொம்பத் திருகினா நசுங்கிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்" என்றார்.

இருமல் வருகிறதா, நாற்காலியைவிட்டு எழப் போகிறாயா, முதலில் இறுக்கு, பிறகு எழு. எழுந்ததும் விட்டுவிடு.

அந்தப் பெண்ணிடம் மறுபடி போ. எனக்குப் பாதிதான் தெரியும். சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேள். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாய். அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. குறையும், திடீரென்று ஒரு நாள் கூடும், பிறகு குறையும். பொறுத்துக்கொள்.

தம்பி இல்லை என்று எழுதியதைக் கிழித்துப் போடு.

அக்கா

---

ஏப்ரல் 10

அக்கா,

போனேன். முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "சார், அன்னிக்கு நீங்க ஓடின ஓட்டத்துல எனக்குத்தான் மூச்சு வாங்கிச்சு" என்றாள். நீ எழுதியது சரி என்றாள். எங்கே தொட்டுப் பார்த்தால் சரியாகச் செய்கிறேனா என்று தெரியும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். எல்போ, டீ, யூனியன் என்று நான் முணுமுணுப்பதைப் பார்த்து என்ன மந்திரம் என்றாள். சொன்னேன். மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். மாமாவைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

படுத்துக்கொண்டு செய்வது பழகிவிட்டது. உட்கார்ந்தும் வருகிறது. நின்றால் இன்னும் கஷ்டம். சில நாள் ஒன்றுமே பிடிபடுவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தொடாமல் ஆணியில் தொங்கவிட்டிருந்த விசிலை நேற்று எடுத்தேன். முதலில் அடியில் இறுக்கினேன். பிறகு ஊதினேன். தெரு நாய் எழுந்து ஓடியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் காய்ந்தே இருந்தேன், அக்கா. அறை நடுவில் விசிலோடு தனியாக நின்றுகொண்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதங்களைப் பின்பக்கம் திருப்பித் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் விரலில் தட்டுப்படுகிறது. சில இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. பேனாவை இவ்வளவு அழுத்திப் பிடித்தா எழுதுகிறாய்? எனக்கு விடு, விடு என்று சொல்கிறாயே, நீ விட்டாயா? அன்றைக்கு அழுகை வரவில்லை என்று எழுதியிருந்தாய். பிறகாவது வந்ததா?

தம்பி

---

ஏப்ரல் 18

தம்பி,

வரவில்லை.

ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நீ வந்த பிறகு அழலாம் என்று அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ வரவில்லை. கடித்த பல்லை எடுக்கவும் மறந்துவிட்டேன் போல. காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. பல் டாக்டரிடம் போனேன். "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்கம்மா. ஏதாச்சும் கவலையா?" என்று கேட்டார். இல்லை டாக்டர், துணி அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு தட்டு எடுத்து வைக்கிற கை இன்னும் மாறவில்லை. ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன். அவர் துண்டை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. பகல் கீழே லாண்டரியில் இஸ்திரிப் புகையிலும் சத்தத்திலும் போய்விடுகிறது. மாடி ஏறி வந்தால் அறை என்னைப் பார்த்து, வந்துட்டியா என்றுகூடக் கேட்பதில்லை.

இன்னொன்று. சிரிக்காதே. குழாய் ஒழுகுகிறது. அவர் இருந்தவரை இந்த வீட்டில் சொட்டுச் சத்தம் கேட்டதில்லை. போன மாதம் ஆரம்பித்தது. திருகினேன். நின்றது. மறுநாள் ஒழுகியது. இன்னும் திருகினேன். அவர் ரெஞ்சையே எடுத்து முழுப் பலத்தோடு திருகினேன். உனக்கு வாஷர் கதை எழுதிய அதே வாரம்தான். இப்போது நிற்பதே இல்லை. கீழே பக்கெட்டை வைத்திருக்கிறேன். முதலாளியம்மா, "ஆளை அனுப்பறேன்மா, ஒரு நிமிஷ வேலை" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் போட்ட குழாயில் வேறொரு ஆள் கை வைப்பதா? அவர் பை மூலையில் இருக்கிறது. அதில் வாஷர் இருக்கிறது. மாற்றத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான் மிச்சம். அவனோ பஸ் ஏற மாட்டேன் என்கிறான்.

வருகிறாயா? இங்கே கூட்டம் இல்லை. நான் ஒருத்திதான். ஒழுகினால் ஒழுகட்டும், இது லாண்டரிடா, மாடியிறங்கினால் துவைக்கிற மெஷின்.

அக்கா

---

மே 5

அக்கா,

வருகிறேன் என்று எழுதி உன்னைக் காக்க வைக்கக் கூடாது என்று, சொல்லாமல் கிளம்பினேன். நேற்றுக் காலை முதல் பஸ். கதவோரம் இடம் பிடித்தேன். பையில் மாற்றுக் கால்சட்டை, பேட், எல்லாம். புறப்பட்டதிலிருந்து எல்போ, டீ, யூனியன். பக்கத்தில் இருந்தவர், "பிளம்பரா சார்?" என்று கேட்டார். மைத்துனன் முறையில் ஆமாம் என்றேன்.

பாதி வழி நன்றாக வந்தேன். சாலை பிரிகிற இடத்தில், பெரிய கடிகாரம் நின்றுபோன ஒரு பஸ் நிலையம் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் தன் பெட்டியை இறக்கச் சொன்னார். யோசிக்காமல் எழுந்து தூக்கினேன். முதலில் இறுக்க மறந்துவிட்டேன். பேட் தாங்கவில்லை. சீட்டில் ஈரம். பின்னால் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து அந்தப்பக்கம் உட்கார வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த நிலையத்திலேயே இறங்கிவிட்டேன். கழிப்பறையில் உடை மாற்றினேன். டீக்கடைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்து நின்று, போனது. இன்னொன்றும் போனது. பிறகு இந்தப் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னால் வர முடியாது. அந்தக் குழாயை யாரையாவது வைத்து மாற்றிக்கொள். இனி என்னை எதிர்பார்க்காதே. கடிதமும் போட வேண்டாம். உனக்கு வீணாக ஒரு எதிர்பார்ப்பு.

தம்பி

---

மே 9

டேய்,

கடிதம் போட வேண்டாம் என்றால் நீ போடாமல் இருந்திருக்க வேண்டும்.

நீ வர முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. கட்டிலைவிட்டு எழுந்திருக்காதவன் பாதி வழி வந்திருக்கிறான் என்று படித்தேன். பெட்டி தூக்கினதில்தான் போனது. அது யாருக்கும் போகும். மாமாவுக்கு எல்லாம் நின்ற பிறகும் ஒரு நாள் சிமெண்டுக் குழாய் தூக்கும்போது போனது. வீட்டுக்கு வந்து, "இன்னிக்குத் தண்ணி சப்ளை உண்டு" என்றார்.

அந்தக் கடிகாரம் நின்ற இடம் எனக்குத் தெரியும். உன்னிடம் வரும்போதெல்லாம் நாங்கள் அங்கேதான் இறங்கி டீ குடிப்போம். அவர் இல்லாமல் நான் தனியாகப் பஸ் ஏறியதே இல்லை. உனக்குத் தெரியுமோ என்னவோ, அதனால்தான் உன் ஆபரேஷன் தெரிந்த நாளே கிளம்பி வராமல் கடிதமாகவே எழுதிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒருவன் பெட்டியைத் தூக்கி இறங்கிப்போனான், ஒருத்தி பஸ் நிலையத்தையே எட்டிப் பார்க்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை லாண்டரி லீவு. காலை முதல் பஸ்ஸில் நான் ஏறுகிறேன். முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று கையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீ அந்தப் பக்கமிருந்து ஏறு. நீ வந்துகாட்டிய தூரம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்திரு. மீதிப் பாதியை நான் வருகிறேன்.

அங்கிருந்து சேர்ந்து இங்கே வருவதா, அவரவர் வீட்டுக்குத் திரும்புவதா என்று டீ குடித்துவிட்டு யோசிக்கலாம். மாமாவின் பையைக் கொண்டுவருகிறேன். வாஷர் எது என்று நீ எடுத்துக் காட்டினால் நானே மாற்றிக்கொள்ளவும் தயார்.

மாற்றுக் கால்சட்டை எடுத்துவா. யார் பெட்டியையும் தூக்காதே. எழும்போது முதலில் இறுக்கு. இருமல் வந்தாலும் முதலில் இறுக்கு. அவர் பேச்சு வந்து சிரிப்பு வரும், அப்போதும் இறுக்கிக்கொள்.

என்னைப் பார்த்ததும் உனக்கு அழுகை வந்தால் மட்டும் இறுக்காதே. விடு. நானும் விடுகிறேன்.

அக்கா